வீட்டு உப்புநீர்த் தொட்டியில் மென்பவளம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. கல், மணல் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் நாலைந்துதான், மற்றதெல்லாம் மென்பவளம். பார்க்க வருகிறவர்கள், ஆரம்பித்துவிட்டுத் திணறுகிறவர்கள், ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா, சுருங்கிடுச்சு" என்று போட்டோ அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இருபது கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

இது செடியா, பிராணியா? கல்பவளத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பிராணி. கடல் சாமந்திக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தம். உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் சர்க்கரையை வாங்கிச் சாப்பிடும் பிராணி. அதனால்தான் விளக்கு இல்லாவிட்டால் செடிபோல வாடுகிறது.

கல்பவளம் அடியில் கெட்டியான சுண்ணாம்பு வீட்டைக் கட்டிக்கொண்டே போகும். மென்பவளம் அப்படிக் கட்டுவதில்லை. சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு ஊசிகள் மட்டும் இருக்கும். நல்ல லென்ஸ் இருந்தால் விரிந்திருக்கும் ஒரு பூவைப் பாருங்கள்: எட்டு விரல்கள், ஒவ்வொரு விரலிலும் இறகுபோல மயிர்க்கிளைகள். எட்டு இருந்தால் அசல் மென்பவளம். காளான் பவளமும், பொத்தான் பூக்கள் மாதிரிக் கொத்தாக வளரும் ஜோயாவும் கணக்குப்படி இந்தக் குடும்பமே இல்லை. ஆனால் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கடையிலும் பேச்சிலும் எல்லாமே "சாஃப்டி"தான். நானும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

முதல்முதலா எதை வாங்கலாம்? எதைத் தொடவே கூடாது?

காளான் பவளத்தில் ஆரம்பியுங்கள். வெளிச்சம் குறைந்தாலும், தண்ணீர் கொஞ்சம் அழுக்கானாலும் பொறுத்துக்கொள்ளும். அடுத்து கென்யா ட்ரீ, கிரீன் ஸ்டார் பாலிப், அப்புறம் தண்டும் தொப்பியுமாகக் குடை மாதிரி நிற்கும் டோட்ஸ்டூல் லெதர், ஃபிங்கர் லெதர். ஜோயா அழகுதான், ஆனால் வாங்குமுன் கீழே விஷம் பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

தொடக்கூடாதது கார்னேஷன் பவளம். சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணாடி மாதிரி மின்னும், கடையில் எல்லோர் கண்ணும் அதில்தான் விழும். அதற்குள் நுண்பாசி கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரில் மிதந்துவரும் நுண்ணுணவைத்தான் தின்னும். வீட்டில் அந்த அளவு உணவு போட்டால் தண்ணீர் நாறும், போடாவிட்டால் அது சில வாரங்களில் மெலிந்து செத்துப்போகும். இரண்டு முறை வாங்கிக் கொன்றேன், மூன்றாவது முறை வாங்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர் கல்லோட எடுத்துத் தரேங்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து கல்லோ பவளமோ எடுப்பது குற்றம். அது மட்டுமல்ல, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. அந்தப் பட்டியலில் ஆர்கன் பைப் பவளமும் இருக்கிறது. அது எட்டு விரல் சாதி, அதாவது உறவுமுறையில் மென்பவளம்தான். "சாஃப்டிக்குச் சட்டம் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு தொட்டிக்காரர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டை வாங்குவதே நல்லது. ஏற்கெனவே விளக்குக்கும் கலவை உப்புக்கும் பழகியது; பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். கல்லுக்குக் கடல்பாறை தேவையில்லை. காய்ந்த செயற்கைப் பாறை கிடைக்கிறது.

சின்னத் தொட்டியில ஆரம்பிச்சா செலவு குறையுமே?

வாங்கும்போது குறையும். பிறகு தலைவலி கூடும். கணக்கைப் பாருங்கள்: 30 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு ஆயிரத்துக்கு 35இலிருந்து 36.2 ஆகிறது. என் தொட்டியில் அதே ஒரு லிட்டர் போனால் 35.2. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். அதனால் குறைந்ததை ஈடுசெய்ய ஊற்றுவதும் வெறும் சுத்த நீராகத்தான் இருக்க வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்து ஒரு மாதத்தில் 41இல் நிறுத்தியவரை எனக்குத் தெரியும்.

100 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். இடமே இல்லை, சின்னதுதான் என்றால் தானாக நீர் நிரப்பும் கருவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கடல்தண்ணீன்னா உப்புத்தானே? கல் உப்பு போட்டுக் கலக்கினா ஆகாதா?

ஆகாது. இதற்குக் காரணம் தூத்துக்குடி உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் காயும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு சாப்பாட்டு உப்பு படியும். மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் பெருமளவு அந்தக் கசப்பு நீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டும். சமையலுக்கு அதுதான் வேண்டும். பவளத்துக்கு வடித்துவிட்டதும் வேண்டும்.

தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பை வாங்குங்கள். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும். பையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனி டிரம்மில் பம்பு போட்டு முதல் நாள் ராத்திரியே கலக்கி, மறுநாள் அளந்துவிட்டு ஊற்றுங்கள். தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டாதீர்கள். பவளத்தின் மேல் ஒரு பருக்கை விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும்.

நமக்குத்தான் பக்கத்திலேயே கடல் இருக்கே, நாலு கேன் பிடிச்சுட்டு வந்தா?

நகரக் கரையோரத் தண்ணீரில் ஆறும் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கரையோரத்தில் உப்பளவும் சரசரவென்று இறங்கும். ஒரு தடவை நன்றாக இருந்த தண்ணீர் அடுத்த தடவை அப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மென்பவளத்துக்கு மோசமான தண்ணீரைவிட மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி. இந்த வாக்கியம் கீழே பல பதில்களில் வேறு வேறு உருவத்தில் வரும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணி போதுமா? கேன் தண்ணி?

கலவைக்கும் ஈடுகட்டவும் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யமாக இருக்கும் நீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்தது, சுவைக்காகக் கொஞ்சம் கச்சாத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு பலவற்றில் இருக்கும். மீட்டரை முக்கினால் 50, 80 என்று காட்டும். அந்த 80இல் என்ன இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. கேன் தண்ணீரும் அதே கதைதான்.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். இப்போது வரும் பல இயந்திரங்களில் "காப்பர்" என்று பெருமையாக எழுதியிருக்கும். செம்பைத் தண்ணீரில் சேர்க்கிறார்கள். செம்புப் பாத்திரத் தண்ணீர் நமக்கு நல்லதாக இருக்கலாம்; பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் மிகச் சிறிய அளவிலேயே விஷம். நண்பர் ஒருவர் நாலு மாதம் நத்தை வாங்கி வாங்கிச் சாகவிட்டார். காரணம் சமையலறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தீர்வு எளிது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் போட்ட குழல் ஒன்றை மாட்டினால் மீட்டர் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் 2, 3 என்று ஏற ஆரம்பித்ததும் ரெசினை மாற்றுங்கள்.

தொட்டி வெச்சு எத்தனை நாள் கழிச்சுப் பவளம் போடலாம்?

காய்ந்த கல் என்றால், கழிவைச் செரிக்கும் பாக்டீரியா அதில் குடியேற ஆறு வாரமாவது பொறுங்கள். ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். அதுவரை வீட்டில் உள்ளவர்கள் வாசனையைப் பற்றிப் பேசுவார்கள். நடுவில் கல்லும் மணலும் பழுப்பாகும். அது தானாகவே போய்விடும். பிறகு ஒரே ஒரு காளான். அது மூன்று வாரம் விரிந்து நின்றால் அடுத்தது.

என்னென்ன எண் எவ்வளவு இருக்கணும்? ஒரே இடத்துல சொல்லிடுங்க.

உப்பளவு ஆயிரத்துக்கு 35, அடர்த்தியாகச் சொன்னால் 1.026. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1250 முதல் 1350. நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். பி.ஹெச். 8.0 முதல் 8.4 என்பார்கள், ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட அறையில் நாம் விடும் மூச்சுக்காற்றாலேயே 7.8க்கு இறங்கும். அதற்காக மருந்து வாங்கி ஊற்றாமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எண்ணைவிட அளக்கும் கருவி முக்கியம். உப்பளவு பார்க்க ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 என்று குறித்த சோதனைத் திரவத்தை வைத்து மாதம் ஒரு முறை சரிபாருங்கள். என்னுடையது ஒரு தடவை 3 கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் 35 என்று நினைத்துப் பல வாரம் 32இல் ஓட்டியிருக்கிறேன். அப்போதும் பவளங்கள் விரிந்தேதான் இருந்தன. மெதுவாக இறங்கியதால் தாங்கின. அவசரப்பட்டு ஒரே நாளில் 35க்கு ஏற்றினேன் பாருங்கள், அன்றைக்குத்தான் எல்லாம் சுருங்கின.

மே மாசம் தண்ணி 32 டிகிரி போகுது. சில்லர் வாங்கித்தான் ஆகணுமா?

28 வரை பெரும்பாலான சாஃப்டிகள் பொறுக்கும். 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் உள்ளே குடியிருக்கும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் பாறை பாறையாக வெளுத்தது இதனால்தான். கடலுக்கே அந்தக் கதி என்றால் கூடத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

முதலில் மின்விசிறியை முயன்று பாருங்கள். மேல்மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வைத்தால் மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கில் குளிரும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகிறது. என் 160 லிட்டரில் அது மூன்றரை டிகிரிக்குச் சமம். அறை திரும்பச் சூடேற்றிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் 2 முதல் 3 டிகிரி குறைகிறது. கடற்காற்று வந்து புழுங்கும் சாயங்காலத்தில் அதுவும் குறைவு. மதுரை, கோவை மாதிரி வறண்ட காற்றுள்ள ஊர்க்காரர்களுக்கு விசிறி நன்றாகவே வேலை செய்யும். மே மாதத்தில் தினம் 3 லிட்டர் ஆவியாகும், ஈடுகட்ட மறக்காதீர்கள்.

விசிறிக்கு அடங்காவிட்டால் அறை ஏ.சி. அல்லது சில்லர். சில்லர் வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்கும் என்பதை மறந்து மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். ஐஸ் பாட்டிலைப் போடுவது அவசரத்துக்கு மட்டும். பகலில் 26, ராத்திரி 31 என்று ஊஞ்சலாடுவதைவிட நிலையாக 28இல் நிற்பது மேல்.

கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

பவளத்தைவிட மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருப்பது ஒரு வரம். அலை எழுப்பும் பம்பு 10 வாட்தான் எடுக்கும். அதை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். சில்லரை மாட்டினால் பேட்டரி ஒரு மணி நேரத்தில் கையை விரித்துவிடும். புயல் சமயத்துக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று தனியாக இருக்கட்டும். விளக்கு இரண்டு நாள் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. இருட்டில் தீனி மட்டும் போடாதீர்கள்.

எந்த லைட், எவ்வளவு நேரம்?

சாஃப்டிக்கு பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) கணக்கில் 50 முதல் 150 வரை போதும். காளானுக்கு அதில் கீழ்ப்பகுதி, லெதருக்கு மேல்பகுதி. நீலம் தூக்கலான பவள விளக்கு, நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம். புது விளக்கை முதல் நாளே முழுவதும் ஏற்றாதீர்கள். 30 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். கழுத்தை நீட்டி மெலிந்து நின்றால் வெளிச்சம் போதவில்லை. ஓரம் சுருட்டிக்கொண்டு வெளுத்தால் அதிகம்.

தண்ணி ஓட்டம்?

மிதமாக, ஒரே திசையில் அடிக்காமல். விரிந்த பூக்கள் காற்றில் நெற்கதிர் அசைகிற மாதிரி அசைய வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் பம்பைத் திருப்புங்கள்.

சாப்பாடு போடணுமா?

மீனுக்குப் போடுவதில் மிஞ்சுவதும் மீனின் கழிவுமே போதும். காளானுக்கு எப்போதாவது சின்ன இறால் துணுக்கு கொடுத்தால் பையை இழுத்து மூடுகிற மாதிரி மூடிக்கொள்ளும். பார்க்க வேடிக்கை, அவசியம் இல்லை.

அண்ணா, டோட்ஸ்டூல் மூணு நாளா சுருங்கிக் கிடக்கு. மேல பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி இருக்கு. செத்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. எனக்கு அதிகம் வரும் போட்டோ இதுதான். லெதர் பவளங்கள் பாம்பு சட்டை உரிப்பதுபோல மேல்தோலை உரிக்கும். முதல் நாள் பூக்கள் எல்லாம் உள்ளே போய், தொப்பி வழுக்கையாகும். இரண்டாம் நாள் தண்டு ஒரு பக்கம் சாயும். பிறகு மேலே மெழுகு பூசிய மினுக்கம் வரும். அதில் தூசியும் பாசியும் ஒட்டி அழுக்குத் தாளாகத் தெரியும். நாலு நாளோ பத்து நாளோ கழித்து ஓரத்தில் அந்தத் தாள் கிளம்பி, நீரோட்டத்தில் படபடத்து, ஒரு காலையில் காணாமல் போயிருக்கும். அதன் கீழே இருக்கும் தொப்பி பழையதைவிடப் பளிச்சென்று இருக்கும். மேலே படியும் பாசியையும் குப்பையையும் அது இப்படித்தான் கழற்றிப்போடுகிறது.

இந்த நாட்களில் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதன் மேல் ஓட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி பம்பைத் திருப்பலாம். நகத்தால் சுரண்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள். சாதாரணமாக உரிகிறதைப் பயந்துபோய் நாலு தடவை இடம் மாற்றிக் கொன்றவர்கள்தான் அதிகம்.

சாவு வேறு மாதிரி இருக்கும். தொட்டால் கெட்டியாக இல்லாமல் கொழகொழக்கும், கருப்பு அல்லது பழுப்புத் திட்டு நாளுக்கு நாள் பரவும், முகர்ந்தால் அழுகின முட்டை வாடை. அப்படியென்றால் தாமதிக்காமல் அழுகிய பகுதியை நல்ல சதையோடு சேர்த்துப் புது பிளேடால் வெட்டி எடுங்கள். மிச்சம் பிழைக்கும்.

தொட்டியில லெதர் வந்ததிலிருந்து ஜோயா திறக்கவே மாட்டேங்குது. சண்டையா?

சண்டைதான், கண்ணுக்குத் தெரியாத சண்டை. மென்பவளத்துக்குக் கல்கூடும் இல்லை, பெரிய கொடுக்கும் இல்லை. அதனால் டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் விட்டு அக்கம்பக்கத்தாரை அடக்கும். கடலில் அது கரைந்து போய்விடும். மூடிய தொட்டியில் தங்கிவிடும். தோல் உரிக்கும் நாட்களிலும் வெட்டிய நாட்களிலும் இன்னும் அதிகம்.

ஆக்டிவேட்டட் கார்பன் இதற்கென்றே பிறந்தது. என் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி. சுத்த நீரில் கருந்தூள் போகும்வரை அலசி, பையில் கட்டி, நீர் பாயும் இடத்தில் வைத்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். இதோடு வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். லெதரை மற்றவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் உதவும்.

நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா எல்லாம் வெளிறிப்போய் நிக்குது. ஏன்?

பட்டினி. மேலே எண்கள் சொன்னபோது நைட்ரேட்டுக்கு 5 முதல் என்று கீழ்வரம்பும் சொன்னேன், அது தெரிந்தே எழுதியது. உள்ளே குடியிருக்கும் நுண்பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சி, வாரம் இரண்டு தண்ணீர் மாற்றம் என்று வரிசையாகப் போட்டால் குடித்தனக்காரர் பட்டினியில் கிளம்பிவிடுவார். கூடவே டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி, குமிழிகளோடு கல்லை மூடும். அது வந்தால் போக்குவது பெரும்பாடு.

உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், மீன்தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். நேர்மாறாக, எல்லாமே காப்பிக் கொட்டை நிறத்துக்குப் போனால் சத்து அதிகம் அல்லது வெளிச்சம் குறைவு.

கிரீன் ஸ்டாரும் செனியாவும் தொட்டி பூரா பரவிடுச்சு. நிறுத்த முடியுமா?

முளைத்த பிறகு கஷ்டம். முதலிலேயே தனித் தீவாக ஒரு கல்லில் வைத்து, நாலு பக்கமும் மணல் விட்டிருக்க வேண்டும். கிரீன் ஸ்டாரின் ஊதா விரிப்பு கல்லில் படர்ந்தால் பாய் உரிப்பதுபோல உரித்தெடுக்கலாம். செனியா கை திறந்து மூடும் அழகுக்காக வாங்குவோம். அந்தத் துடிப்பு தேங்கும் ஆக்ஸிஜனை விலக்கி ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று செங்கடல் இனம் ஒன்றை வைத்து 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆறு மாதத்தில் எங்கே பார்த்தாலும் கை கையாக இருக்கும். பிறகு ஒரு நாள் காரணமே தெரியாமல் மொத்தமும் கரைந்தும் போகும். அது அப்படித்தான்.

மிஞ்சியதைக் கடலிலோ ஆற்றிலோ விடாதீர்கள். செனியாவின் பங்காளி ஒன்று வெனிசுவேலா கரையில் மீன்தொட்டி வியாபாரம் வழியாகப் புகுந்து, அங்கத்திய பாறைகளையே மூடிவிட்டது. யாருக்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

வெட்டி நண்பனுக்குக் கொடுக்கணும். எப்படி? பசை ஒட்டவே மாட்டேங்குது.

கிரீன் ஸ்டாருக்கும் ஜோயாவுக்கும் ஜெல் சூப்பர் குளூ ஒட்டும். லெதரின் சளியில் எந்தப் பசையும் நிற்காது. தொப்பியின் ஓரத்தில் இரண்டு அங்குலத் துண்டைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, தொட்டி நீர் எடுத்த கிண்ணத்தில் சளி போகும்வரை அலசி, சின்னக் கல்லின் மேல் வைத்துக் கொசுவலைத் துண்டால் தளர்வாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். இறுக்கினால் ரப்பரே வெட்டிவிடும். ஓட்டம் குறைந்த மூலையில் இரண்டு வாரம் இருந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். காளான் துண்டுகளைக் கிண்ணத்தில் கல்பொடியோடு போட்டு மேலே அதே கொசுவலை.

வெட்டும் நாளில் கார்பன் புதிதாக மாற்றுங்கள். காரணம் மேலே சண்டைக் கேள்வியில் இருக்கிறது. கையில் வரும் வாடை சோப்புக்கு லேசில் போகாது, விருந்துக்குப் போகும் நாளில் வேண்டாம்.

ஜோயாவில விஷம்னு சொல்றாங்களே, பயமுறுத்தறாங்களா?

இல்லை. ஜோயாவிலும் அதன் பெரியப்பா மகன் பாலித்தோவாவிலும் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. ஹவாய் தீவுக்காரர்கள் ஈட்டி முனையில் தடவப் பயன்படுத்தியதாகச் சொன்ன ஒரு பவளத்திலிருந்து 1971இல் பிரித்து அறிவித்தார்கள். கடலில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. மாற்று மருந்து கிடையாது. பார்த்து மட்டும் எதில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

தொட்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பீச்சியடித்தால் கண்ணில்தான் படும். கையில் காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஜோயா ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்தோ, வெந்நீர் ஊற்றியோ, பிரஷ்ஷால் தேய்த்தோ சுத்தம் செய்யாதீர்கள். ஆவியில் விஷம் ஏறி வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. வெட்டிய பிறகு காய்ச்சல், இருமல், வாயில் உலோகச் சுவை வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் "பாலிடாக்சின்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கல்லில சின்னச் சின்னதா பழுப்புத் தென்னை மரம் மாதிரி முளைக்குது. புதுப் பவளமா?

இலவசமாக வந்ததென்று மகிழ வேண்டாம், அது ஐப்டேசியா என்ற களைச் சாமந்தி. பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். கிள்ளினால் ஒவ்வொரு துணுக்கும் ஒன்றாக முளைக்கும். கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் அதன் வாயில் நிரப்பினால் உருகிப்போகும்; அந்த நேரம் பம்பை நிறுத்திவையுங்கள். பெப்பர்மிண்ட் இறால் இதைத் தின்னும். ஆனால் கடையில் அந்தப் பெயரில் முதுகு கூனிய, வெள்ளைக் கோடு தெளிவாக உள்ள ஒட்டக இறாலைத் தந்துவிடுவார்கள். அது களையை விட்டுவிட்டு உங்கள் காளானையும் ஜோயாவையும் தின்னும். எனக்கும் ஒருவர் அப்படித் தந்தார்.

வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பைப் போட்டா கால்சியம் ஏறுமா?

நல்ல யோசனைதான். கல்பவளக்காரர்கள் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுண்டு, பொருளும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் டப்பாச் சுண்ணாம்பில் வாசனையும் சாயமும் இன்னும் என்னவெல்லாமோ இருக்கும். அதன் காரம் பி.ஹெச். 12க்கு மேல், ஒரு கரண்டி கூடினால் தொட்டியே பால் நிறமாகும். அதற்கு மேல், முதல் பதிலில் சொன்ன மாதிரி இவற்றுக்குள் இருப்பது பொடி ஊசிதான். பெரிய சுண்ணாம்புச் செலவு கிடையாது. வாரம் மாற்றும் 16 லிட்டர் தண்ணீரே எனக்கு எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது. அயோடின், ஸ்ட்ரான்சியம் பாட்டில்களுக்கும் இதே பதில்: அளக்க முடியாததை ஊற்றாதீர்கள்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி. மருந்து ஊத்தலாமா?

அந்த மருந்தில் செம்பு இருந்தால், ஆர்.ஓ. பதிலில் சொன்ன கதைதான். போதாததற்குச் செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டி வெகுநாள் கசியும். மீனைப் பிடித்துத் தனி வாளியிலோ தொட்டியிலோ வைத்து மருந்து போடுங்கள். அந்த வலையையும் குழாயையும் திரும்பப் பவளத் தொட்டியில் முக்காதீர்கள்.

எண் எல்லாம் சரியா இருக்கு, நீங்க சொன்னபடியே செய்யறேன். ஆனாலும் ஒண்ணு ஒண்ணா சுருங்குது. என்னதான் பண்றது?

முதலில் ஒரு வாரம் கையை வெளியே எடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கடந்த 15 நாளில் என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள்: புது உப்புப் பை, புது விளக்கு அமைப்பு, ஒரேயடியாக மாற்றிய பாதித் தண்ணீர், அறையில் அடித்த பெயிண்ட், கொசு மருந்து, துருப்பிடித்த காந்தம். பம்புக் காந்தங்களை வெளியே எடுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; கண்டுபிடிக்க முடியாத சாவுகளில் பாதி அங்கேதான் இருக்கிறது. ராத்திரி விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். நண்டோ, புழுவோ, வெள்ளை நத்தையோ மேய்ந்துகொண்டிருக்கலாம்.

அதற்கும் பிடிபடாவிட்டால் எனக்கு அனுப்புங்கள். ஆனால் நீல விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த போட்டோவாக இருக்கட்டும். நீலத்தில் செத்ததும் அழகாகத்தான் தெரியும்.